ஏட்டுச் சுரைக்காயா? ‘சீர்குலைந்த அரசுகளைச் சீர்ப்படுத்தல்’ என்னும் நூல் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அரிசி அனுப்பலாம், மருந்து அனுப்பலாம், ஆற்றுக்குப் பாலம் கட்டித் தரலாம். ஆனால், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஓர் அரசைக் கட்டித் தர முடியுமா? சோமாலியா, ஹைட்டி, கிழக்குத் திமோர், ஆப்கானிஸ்தானம், தென்சூடான் என்று அரசு நிலைகுலைந்த நாடுகளைப் பற்றி உலக மன்றங்கள் பேசத் தொடங்கிய நாள் முதல் இக்கேள்வி ஓயவில்லை. இதற்கு விடை கூற எழுந்த நூல்கள் பல. அவற்றுள், அஷ்ரப் கனியும் கிளேர் லாக்ஹார்ட்டும் சேர்ந்து எழுதி, 2008-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘சீர்குலைந்த அரசுகளைச் சீர்ப்படுத்தல்’ என்னும் ஆங்கில நூல் தனியிடம் பெற்றது.

தனியிடம் பெற்றதற்குக் காரணம் நூலின் நடையழகு அன்று; அதற்கு நேர்ந்த சோதனையே காரணம். நூலாசிரியர் இருவருள் ஒருவராகிய கனி, நூல் வெளிவந்த ஆறாம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தின் அதிபராக அமர்ந்தார். ஏறத்தாழ ஏழாண்டு ஆண்டார். 2021 ஆகஸ்டு 15-ஆம் நாள் காபூலை விட்டு வெளியேறினார். அன்றே தாலிபான் படை தலைநகருள் புகுந்தது, அரசு வீழ்ந்தது. மருத்துவ நூல் எழுதியவரே மருத்துவராகவும் வந்தார், நோயாளி பிழைக்கவில்லை.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியைச் சொல்லி இந்நூலை ஒதுக்கிவிடுவது எளிது. பலர் அவ்வாறே ஒதுக்கினர். ஆயினும் திறனாய்வின் வேலை அத்துடன் முடிவதில்லை. நூல் எங்கே சரியாகக் கண்டது, எங்கே காணத் தவறியது, வீழ்ச்சியில் நூலின் பங்கு எவ்வளவு, நூலைப் படித்தும் அதன்படி நடவாதவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பதே முறை.

நூலோரும் நூற்பொருளும்

கனி 1949-இல் பிறந்தவர். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றார்; அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார்; 1991 முதல் உலக வங்கியில் பணியாற்றினார். 2001-இன் இறுதியில் முதலாவது தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின் தாயகம் திரும்பி, 2002 முதல் 2004 வரை நிதியமைச்சராக விளங்கினார். லாக்ஹார்ட் அதே காலத்தில் ஐ.நா. சார்பிலும் ஆப்கான் அரசாங்கத்தின் ஆலோசகராகவும் உழைத்தவர். ஆதலின் இந்நூல் நூலகத்தில் அமர்ந்து மட்டும் எழுதப்பட்டதன்று. அமைச்சு அறையின் மேசையிலிருந்தும் பிறந்தது.

உலகில் 40 முதல் 60 வரையான நாடுகள் நிலைகுலைந்தோ, குலையும் தறுவாயிலோ இருக்கின்றன என்பது நூலின் தொடக்கக் கணிப்பு. அந்நாடுகளுக்கு ஐ.நா. மன்றத்தில் இருக்கை உண்டு, கொடி உண்டு, தூதர் உண்டு. ஆனால் தம் குடிமக்களுக்கு ஓர் அரசு செய்யவேண்டியதைச் செய்யும் ஆற்றல் இல்லை. சட்டத்தில் உள்ள இறைமைக்கும் நடைமுறையில் உள்ள இறைமைக்கும் இடையே விழுந்த இப்பள்ளத்தை ‘இறைமை இடைவெளி’ என்று நூலாசிரியர்கள் பெயரிடுகின்றனர். இவ்விடைவெளியை அடைக்க இரட்டை உடன்படிக்கை வேண்டும் என்பது அவர்தம் கொள்கை: ஒன்று அரசுக்கும் அதன் குடிமக்களுக்கும் இடையே, மற்றொன்று அரசுக்கும் உதவி நாடுகளுக்கும் இடையே.

நூலின் வலிமை

நூலின் மிக வலிய பகுதி, உதவி நாடுகளின் மேல் அது தொடுக்கும் வழக்கு ஆகும். உதவிப் பணம் அரசாங்கத்தின் கருவூலத்துக்கு வருவதில்லை. அது ஐ.நா. அமைப்புகள், ஒப்பந்த நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் வழியே நேராகத் திட்டங்களுக்குப் பாய்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிகிறது. அரசாங்கத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நிழல் அரசாங்கம் எழுகிறது. மக்கள் முறையிட வேண்டியவர் யார் என்பதே தெரியாமற் போகிறது.

இதைவிடக் கொடியது ஆளைப் பறிப்பது. அந்நாளில் ஆப்கான் அரசு ஊழியரின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 50 அமெரிக்க வெள்ளி. உதவி நிறுவனங்கள் தந்ததோ அதைப்போற் பல மடங்கு. ஆங்கிலம் அறிந்த ஆசிரியர் வகுப்பறையை விட்டு வெளிநாட்டாருக்கு மொழிபெயர்ப்பாளரானார். படித்த எழுத்தர் ஓட்டுநரானார். அரசை வலுப்படுத்த வந்தவர்களே அரசின் அலுவலகத்தை வெறுமையாக்கினர். ஒரு பள்ளியின் நல்லாசிரியர் விலகினால் அப்பள்ளி என்னாகும் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாக நூலாசிரியர்கள் கூறும் வழியும் வெறும் கனவன்று. இரண்டு செயல்கள் அதற்குச் சான்று. ஒன்று புதிய நாணயம். 2002-இன் இறுதியில் தொடங்கி நான்கு மாதத்துக்குள் பழைய ஆப்கானி நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1000 பழைய ஆப்கானிக்கு 1 புதிய ஆப்கானி தரப்பட்டது. வங்கிகள் இல்லாத நாட்டில், நாடெங்கும் பணமாற்றுத் தொழில் செய்துவந்த ஹவாலா வணிகர்களைக் கொண்டே இது நடந்தேறியது. நாட்டில் இருந்த ஒன்றைப் பயன்படுத்தி அரசு தன் வேலையைச் செய்தது என்பதே இதன் பாடம்.

மற்றொன்று 2003-இல் செயற்படத் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டம். இதற்கு மாதிரி இந்தோனேசியாவில் 1998-இல் தொடங்கிய கெச்சாமத்தான் வளர்ச்சித் திட்டம். ஊர்மக்கள் தங்களுக்குள் ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுப்பர். குடும்பத்துக்கு 200 அமெரிக்க வெள்ளி என்ற கணக்கில், ஊர் ஒன்றுக்கு 60,000 வெள்ளிக்கு மேற்படாமல் மானியம் வரும். கிணறா, சிறு மின்னாக்கியா, பாதையா என்பதை ஊரே முடிவு செய்யும். பல்லாயிரம் ஊர்களுக்கு இத்திட்டம் சென்றது. காபூலில் வகுத்த திட்டம் ஊரின் கையில் பணமாகச் சேர்ந்தது என்பது அந்நாட்டு வரலாற்றில் புதுமை.

பத்துத் தொழில்கள்

நூலின் நடுத்தூண், அரசு ஆற்றவேண்டிய பத்துத் தொழில்களின் பட்டியல். சட்டத்தின் ஆட்சி, படைக்கலத்தை அரசின் கையிலேயே வைத்திருத்தல், நிருவாகக் கட்டுப்பாடு, பொதுநிதியைச் செம்மையாகக் கையாளுதல், கல்வி, நலவாழ்வு முதலியவற்றில் முதலிடுதல், சமூகக் கொள்கையால் குடியுரிமையை வளர்த்தல், சாலை, மின்சாரம் முதலிய வசதிகள், சந்தையை அமைத்தல், பொதுச்சொத்தைப் பேணுதல், பொதுக்கடனைத் திறம்படப் பெறுதல் என்பன அவை.

பட்டியலில் எதையும் தவறு என்று நீக்க முடியாது. குறை, பட்டியலில் இல்லாததில் இருக்கிறது. இப்பத்துத் தொழில்களையும் ஆற்றும் உரிமை ஓர் ஆட்சிக்கு எங்கிருந்து வருகிறது? தொழில்கள் நன்கு நடந்தால் மக்களின் நம்பிக்கை வளரும். நம்பிக்கை வளர்ந்தால் ஆட்சியுரிமை உறுதிப்படும் என்பது நூலின் விடை. அதாவது, ஆட்சியுரிமை நற்பணியின் விளைவு. குடிமக்களைப் பற்றி நூல் பேசவில்லை என்று கூறுவது நேர்மையாகாது, நிறையவே பேசுகிறது. ஆனால் அக்குடிமகன் பெரும்பாலும் பெறுபவனாக நிற்கிறான். பள்ளியைப் பெறுகிறான், சாலையைப் பெறுகிறான், உரிமையையும் பெறுகிறான். யார் ஆள்வது, எவ்வளவு ஆள்வது, தோற்றவனுக்கு இடம் என்ன என்று பேரம் பேசுபவனாக அவன் நூலில் தோன்றுவது அரிது.

திருக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வள்ளுவர் அரசுக்கு வேண்டியவை எனக் கூறும் ஆறனுள் குடியும் ஒன்று. படையும் கூழும் அமைச்சும் போலக் குடியும் அரசின் உறுப்பு. மேலும், நாடு என்னும் அதிகாரத்தில் எல்லா நலத்தையும் அடுக்கிச் சொன்னபின், ஆள்வோனோடு பொருத்தம் அமையாவிட்டால் அவ்வளவும் பயனில்லை என்று முடிக்கிறார். பொருத்தம் என்பது பணியின் கடைசிப் பலனாக அங்கே சொல்லப்படவில்லை. அஃது இல்லையேல் மற்றவை பயன்தாரா என்று சொல்லப்படுகிறது. பத்துத் தொழிலும் வகுத்த நூலில் இவ்வொன்று பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இக்குறை கொள்கை அளவில் மட்டும் நிற்கவில்லை, அளந்தும் காட்டப்பட்டது. தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தை ஆராய்ந்த அறிஞர்கள் 500 ஊர்களை எடுத்து, பாதிக்கு முன்னதாகவும் மறுபாதிக்குப் பின்னதாகவும் திட்டத்தை வழங்கச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டனர். திட்டம் சென்ற ஊர்களில் குடிநீரும் மின்சாரமும் மேம்பட்டன. ஊர்ப் பொதுவாழ்வில் பெண்கள் பங்குகொள்வதும் கூடியது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் அரசாங்கத்தின் மேல் எழுந்த நல்லெண்ணம், பணம் வந்துகொண்டிருந்தபோது உயர்ந்து, திட்டம் முடிந்தபின் பெரிதும் மங்கிவிட்டது. கிணறு நிலைத்தது, கிணறு தந்த நன்றி நிலைக்கவில்லை. நற்பணி தானாகவே ஆட்சியுரிமையாக மாறும் என்னும் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

சிங்கப்பூர்ச் சான்று

நிலைகுலைந்த நாடுகள் நிமிர முடியும் என்பதற்கு நூல் காட்டும் சான்றுகளுள் சிங்கப்பூரும் ஒன்று. இவ்வட்டாரத்து வாசகர்கள் இப்பகுதியைப் பெருமிதத்தோடு படிப்பது இயல்பு. ஆயினும் சான்று பொருத்தமானதா என்று உரசிப் பார்க்க வேண்டும்.

1960-இல் ஐ.நா. அனுப்பிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் டச்சுப் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ். அக்குழுவின் பரிந்துரையையொட்டி 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. ஜூரோங் தொழிற்பேட்டை எழுந்தது. அயலார் ஆலோசனை பயன் தந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டுத்தான். ஆனால் மூன்று வேறுபாடுகளை மறத்தலாகாது.

முதலாவது, 1959-இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் வறுமையும் வேலையின்மையும் மிகுந்த ஊராக இருந்தது. ஆனால் அரசற்ற ஊராக இல்லை. துறைமுகம் இயங்கியது, வரி வசூலானது, நீதிமன்றம் நடந்தது, ஊழியர்கள் அலுவலகத்துக்கு வந்தனர். அங்கே வேண்டியிருந்தது இயங்கும் பொறியை வேறு திசையில் திருப்புவது. காபூலிலோ இருபதாண்டுப் போருக்குப்பின் பொறியையே தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஆலோசகர் ஆலோசகராகவே இருந்தார். முடிவு செய்தவர்கள் மக்களிடம் வாக்குப் பெற்று வந்தவர்கள். வின்செமியஸ் 1984 வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவ்வுறவைத் தொடர்ந்தார். ஆப்கானிஸ்தானத்துக்கு வந்த அயல்நாட்டு அலுவலர்களுட் பலர் ஓராண்டுக்குள் மாறிச் சென்றனர்; ஊரின் பெயரைக் கற்கும் முன்னரே ஊரை விட்டுப் போயினர்.

மூன்றாவது, யார் ஆள்வது என்ற கேள்வி சிங்கப்பூரில் நிருவாகத் திறனால் தீர்ந்ததன்று. 1959-இல் தேர்தல், 1962-இல் பொதுவாக்கெடுப்பு, 1963-இல் மலேசியாவில் இணைவு, 1965-இல் பிரிவு என்று கடும் அரசியல் போராட்டத்தின் வழியே அது தீர்ந்தது. நூலில் மேலோங்கி நிற்பது நிருவாகத்தின் கதை. அரசியலின் கதை நிழலில் நிற்கிறது. கனி என்னும் வாசகர், கனி என்னும் ஆசிரியரிடமிருந்து இந்த அரைப்பாடத்தையே கற்றுக்கொண்டார் போலும்.

ஆட்சிக் கட்டிலில் நூலாசிரியர்

2014 தேர்தலின் இரண்டாம் சுற்றில் கள்ளவாக்கு பற்றிய பெரும் பூசல் எழுந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி இடையிட்டுப் பேசியபின், கனி அதிபராகவும், எதிர்த்து நின்ற அப்துல்லா அப்துல்லா தலைமை நிருவாகியாகவும் அமரும் கூட்டாட்சி உருவானது. இரண்டாண்டுக்குள் லோயா ஜிர்கா என்னும் பேரவையைக் கூட்டி, பிரதமர் பதவியை அமைக்க அரசியல் சட்டத்தைத் திருத்துவது என்பது உடன்பாடு. அப்பேரவை முறைப்படி கூட வேண்டுமானால் மாவட்ட மன்றத் தலைவர்களும் அதில் இருக்க வேண்டும். மாவட்ட மன்றங்களுக்கோ 2004-இன் அரசியல் சட்டம் வகுத்த தேர்தல் ஒருபோதும் நடைபெறவில்லை. ஆகவே பேரவை கூடவில்லை, திருத்தமும் வரவில்லை. 2015-இல் நடந்திருக்க வேண்டிய நாடாளுமன்றத் தேர்தல் 2018-இல்தான் நடந்தது.

இக்காலத்தில் பத்துத் தொழில்களுள் சில உண்மையாகவே முன்னேறின. அரசின் சொந்த வருவாய் 2014-இல் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 ஆக இருந்தது. 2019-இல் ஏறத்தாழ 14 ஆக உயர்ந்தது. அரசின் பெரிய கொள்முதல்களைக் கண்காணிக்க ஓர் ஆணையம் அமைந்தது; அதிபரே தலைமையில் அமர்ந்து ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தார். ஊழலைத் தடுக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால் ஓர் எண்ணெய் ஒப்பந்தம் முதல் ஒரு சாலை ஒப்பந்தம் வரை நாட்டுத்தலைவரின் மேசைக்கு வரவேண்டும் என்றால், மற்ற மேசைகள் எதற்கு? அரசின் தொழில்களை ஓர் அறிஞர் நன்கு அறிந்திருந்தார் என்பதனாலேயே அவை அவர் ஒருவரின் தொழில்களாகிவிட்டன.

மாகாண ஆளுநர்கள் காபூலிலிருந்து நியமிக்கப்பட்டனர். ஊர் வளர்ச்சி மன்றங்கள் கிணறு வெட்டலாம். ஆனால் அரசியல் சட்டம் கூறிய தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்மன்றம் என்னும் தகுதி அவற்றுக்கு வழங்கப்படவில்லை. பணம் கீழே சென்றது. அதிகாரம் மேலேயே தங்கியது. 2019 தேர்தலில் ஏறத்தாழ 18 இலட்சம் வாக்குகளே கணக்கில் வந்தன. முடிவை ஏற்காத அப்துல்லா, 2020 மார்ச் 9-ஆம் நாள் கனி பதவியேற்ற அதே வேளையில் தாமும் அதிபராகப் பதவியேற்றார். ஒரு நகரில், ஒரு நாளில், இரண்டு அதிபர்கள்! ‘இறைமை இடைவெளி’ என்னும் சொல்லைப் படைத்தவரின் கண்முன்னே அவ்விடைவெளி அரண்மனை முற்றத்தில் திறந்து நின்றது.

உதவி நாடுகளின் பங்கு

வீழ்ச்சிக்குக் கனி ஒருவரையே காரணமாக்குவது அறமன்று. நூல் உதவி நாடுகளுக்குச் சொன்ன அறிவுரையை அவை கேட்டதாகத் தெரியவில்லை. 2010-இல் காபூலில் கூடிய மாநாட்டில், உதவியில் பாதியையாவது அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தின் வழியே தருவதாக அவை ஒப்புக்கொண்டன. சொல் எளிதில் வந்தது, செயல் பின்தங்கியது. ஆப்கானிஸ்தானத்தின் மறுசீரமைப்புக்கென அமெரிக்கா மட்டும் 2021 வரை ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 14,500 கோடி அமெரிக்க வெள்ளி. இதில் பெரும்பங்கு படையையும் காவல்துறையையும் கட்டுவதற்குச் சென்றது. அப்படையே சில வாரங்களில் கரைந்தது. பட்டியலில் பெயரும் சம்பளமும் இருந்த வீரர் பலர் முகாமில் இல்லை என்பதை அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே பலமுறை எழுதியிருந்தது.

இவ்வளவு பணம், இவ்வளவு விரைவில், எண்ணிக்கை காட்டும் அவசரத்தோடு பாய்ந்தால் என்ன விளையும் என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும். 2001-இல் பள்ளியிலிருந்த பிள்ளைகள் பத்து இலட்சத்துக்கும் குறைவு. பெண்பிள்ளைகள் ஏறத்தாழ எவரும் இல்லை. பின்னாளில் 90 இலட்சம் என்று அறிக்கைகள் கூறின. ஆனால் பள்ளிக்கு வாராத பிள்ளையின் பெயரையும் மூன்றாண்டு வரை பதிவேட்டில் வைத்திருப்பது அங்கிருந்த முறை. பல இலட்சம் சிறுமியர் எழுத்தறிந்தனர் என்பது உண்மை. அறிக்கையின் எண் அந்த உண்மையைவிடப் பெரிது என்பதும் உண்மை. உதவி நாடுகள் பெரிய எண்ணையே விரும்பின.

பணம் அயலிலிருந்து வரும்போது கணக்குக் கேட்பவரும் அயலாரே ஆகிறார். ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் அரசுச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு மானியம். அமைச்சர் ஒருவர் தம் ஊர்மக்களுக்கு விடை சொல்வதைவிட டோக்கியோ, பிரஸ்ஸல்ஸ், ஜெனீவா மாநாடுகளில் விடை சொல்லவே ஆயத்தமாக வேண்டியிருந்தது. இரட்டை உடன்படிக்கையில் ஒன்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. மற்றொன்று, அதாவது குடிகளோடு செய்ய வேண்டியது, எழுதப்படாமலே இருந்தது.

ஒரு மறுப்பு

இங்கே நூலின் பக்கம் நிற்பவர் ஒன்று கேட்கலாம். 2020 பிப்ரவரி 29-இல் தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு உடன்பாடு செய்தது. காபூல் அரசு அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. ஆயினும் 5,000 கைதிகளை விடுவிக்கும் சுமை அதன் தலையில் விழுந்தது. அயல்படை விலகும் நாள் குறிக்கப்பட்டபின் எந்த அரசுதான் நிற்கும்? வீழ்த்தியவர் வேறு, நூலை ஏன் பழிக்க வேண்டும்?

இம்மறுப்பில் வலு உண்டு. தன் காவலனே தன்னை விலக்கிவிட்டுப் பகைவனோடு பேசினான் என்பது எந்த அரசையும் குலைக்கும். ஆனால் மறுப்பே ஒரு கேள்வியைத் திருப்பி எழுப்புகிறது: அவ்வரசை விலக்கிவிட்டுப் பேச முடிந்தது ஏன்? அதன் பின்னால் ஒன்றுபட்ட குடிகளும் ஒன்றுபட்ட தலைவர்களும் நின்றிருந்தால் அவ்வளவு எளிதில் விலக்கியிருக்க முடியுமா? 2001 டிசம்பரில் பான் நகரில் முதல் உடன்பாடு செய்தபோதே தோற்ற தரப்புக்கு இடம் வைக்கப்படவில்லை. அரசியல் தீர்வைப் பின்னுக்குத் தள்ளி, நிருவாகத்தை முன்னுக்கு வைத்த அத்தவறு, நூல் எழுதும் முன்னரே நிகழ்ந்தது. நூல் அதைத் திருத்தவில்லை என்பதே குறை. அதைத் தொடங்கியது நூலன்று.

கிழக்குத் திமோரை ஒப்பிட்டால் இது விளங்கும். 2002-இல் விடுதலை பெற்ற அச்சிறு நாடு 2006-இல் தன் படையாலேயே பிளவுண்டது. மலேசியப் படைவீரரும் அமைதி காக்கச் சென்றனர். ஆனால் அந்நாட்டுத் தலைவர்கள் தேர்தலில் மாறி மாறி வென்றும் தோற்றும் ஒரே களத்துக்குள் நின்றனர். 2005-இல் அமைத்த எண்ணெய் நிதி அவர்களுக்குச் சொந்தப் பணத்தைத் தந்தது. 2012-இன் இறுதியில் ஐ.நா. படை விலகியபோது நாடு சரியவில்லை. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் அது ஆசியானின் பதினோராம் உறுப்பாயிற்று. வறுமை அங்கே இன்னும் தீரவில்லை. எண்ணெய்ப் பணம் வற்றும் கவலையும் பெரிது. எனினும் பத்துத் தொழிலும் முற்றுப்பெறும் முன்னரே ஓர் அரசு நிற்க முடியும், தலைவர்கள் தம்முள் ஒரு பொருத்தத்தைக் கண்டால், என்பதற்கு அது சான்று.

பெயர் பற்றி ஒரு குறிப்பு

நூலின் தலைப்பிலுள்ள சொல்லும் ஆராயத்தக்கது. தோல்வியுற்ற அரசுகள் என்று ஆண்டுதோறும் பட்டியலிட்டுவந்த ஓர் அமைப்பு, 2014 முதல் அப்பட்டியலை நொய்ம்மையுற்ற அரசுகளின் பட்டியல் என்று பெயர் மாற்றியது. பெயர் மென்மையாயிற்று, பார்வை மாறவில்லை. தமிழில் நாடு வேறு, அரசு வேறு. அரசு நொய்ந்து கிடக்கும்போதும் நாடு வாழ்கிறது: வயல் விளைகிறது, பணமாற்று வணிகர் கடை திறக்கிறார், ஊர்ப் பெரியோர் வழக்குத் தீர்க்கின்றனர். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு ‘நாடே தோற்றது’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், அந்நாட்டு மக்கள் அறியாத ஒரு தோல்வியை அவர்கள் மேல் ஏற்றிவிடுகிறார். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டைப் பேணுவது நலம்.

நூலின் மதிப்பு

இவ்வீழ்ச்சியிலிருந்து இரண்டு தவறான பாடங்கள் இன்று பரவிவருகின்றன. உதவியே வீண் என்பது ஒன்று. 2025 ஜூலையில் அமெரிக்காவின் அயல்நாட்டு உதவி நிறுவனம் தனி நிறுவனமாக இயங்குவது நின்றது; வேறு செல்வ நாடுகளும் உதவியைச் சுருக்கின. ஆனால் குடிநீர் பெற்ற ஊர் குடிநீர் பெற்றதுதான். எழுத்தறிந்த சிறுமி எழுத்தறிந்தவள்தான். ஆப்கானிஸ்தானத்தில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பள்ளியும், 2022 டிசம்பர் முதல் பல்கலைக்கழகமும் பெண்களுக்கு அடைக்கப்பட்டன. அடைக்க வேண்டிய அளவுக்கு அங்கே ஏதோ ஒன்று திறந்திருந்தது என்பதை அந்த அடைப்பே காட்டுகிறது.

அறிஞர் ஆளத் தகாதவர் என்பது மற்றொன்று. இதுவும் பொருந்தாது. நாணய மாற்றத்தை வெற்றியாக நடத்தியவரும் அதே அறிஞர்தான். அவர் வழுவியது கல்வியால் அன்று; கற்றவை எல்லாம் பட்டியலில் அடங்கிவிட்டன என்று கொண்டதால்.

எனவே இந்நூல் ஏட்டுச் சுரைக்காய் அன்று. உதவி நாடுகளின் நடைமுறையைப் பற்றி அது எழுதிய பக்கங்கள் இன்றும் உண்மை. உதவித் திட்டம் வகுப்போர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கவை. பத்துத் தொழில்களின் பட்டியலும் ஓர் அரசின் குறைகளை எண்ணிப் பார்க்க நல்ல அளவுகோல். ஆனால் அளவுகோல் அடித்தளம் ஆகாது. யார், யாருடைய ஒப்புதலோடு ஆள்வது என்னும் கேள்விக்கு விடை காணாமல் மற்றப் பத்துக்கும் விடை கண்டால் என்ன ஆகும் என்பதற்கு, நூலின் அடுத்த அத்தியாயத்தைக் காபூல் நகரம் எழுதிவிட்டது. இந்நூலைக் கையில் எடுப்போர் அவ்வத்தியாயத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.